தாத்தா டாமிக்கு ஒரு வீடு!

நாய் வளர்க்க ஆசையா ஃப்ரெண்ட்ஸ்? உடனே குட்டியைத் தேடாதீங்க. கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய 'புளூ கிராஸ்' கிண்டியில் இருக்கிறது. ஒரு நடை போய்ப் பாருங்க. எந்தக் காப்பகத்திலும் குட்டிகளுக்குத்தான் முதலில் ஆள் வரும். வயசான நாய் மூலையில் காத்துக்கிடக்கும். செருப்பைக் கடித்துக் குதறும் வயசைத் தாண்டிய சமர்த்து அது!

அழைத்து வந்ததும் டாக்டரிடம் காட்டுங்க. வெறிநாய்த் தடுப்பூசி, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, மாநகராட்சி லைசென்ஸ் மூன்றும் முக்கியம். முதல் 3 நாள் ஒரு அமைதியான மூலை, தண்ணீர், சாப்பாடு போதும். கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டாம். காது மந்தமாக இருக்கலாம். தூங்கும்போது தொட்டால் பதறிக் கடித்துவிடும். பழகச் சில வாரம், 'இது நம்ம வீடு' என்று நம்பச் சில மாதம்கூட ஆகும்.

மயிலாப்பூர் ஃப்ளாட்டில் டைல்ஸ் தரையா? மூட்டுவலிக் கால் வழுக்கும். பழைய பாயை விரிங்க. அடையாறில் வாக்கிங்கா? வெயில் ஏறுவதற்குள் முடிங்க. பட்டையில் உங்க செல் நம்பர் கட்டாயம். தி.நகரில் தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடினால், புது நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது. அதனால், தீபாவளி முடிந்தபிறகு அழைத்து வாங்க.

கடைசியா ஒரு கேள்வி. கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகி பெங்களூரு பறந்துட்டா, டாமியை யார் பார்த்துப்பாங்க? அம்மா, அப்பாகிட்ட பேசி பதில் வாங்கிட்டு, அப்புறம் கிண்டிக்கு பஸ் ஏறுங்க. ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட ஜீவன் பாஸ் அது!