சொந்த மைதானம் இல்லாமல் வென்ற கோப்பை

சென்னை சூப்பர் கிங்ஸ் ஐந்து முறை ஐபிஎல் கோப்பையை வென்றிருக்கிறது: 2010, 2011, 2018, 2021, 2023. இவற்றில் எது பெரியது என்ற பேச்சு வந்தால் 2018-க்குத்தான் என் ஓட்டு. இரண்டாண்டுத் தடை முடிந்து அணி திரும்பி வந்த வருடம் என்பதை எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் போதாது. பெயரில் சென்னை இருந்தாலும் இந்த அணி தமிழ்நாடு முழுவதற்கும் சொந்தம் என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட வருடம் அது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே உள்ள வன்னியம்பட்டியில் நின்று பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும்.

அந்த வருடம் ஏப்ரல் 7-ஆம் தேதி மும்பை வான்கடே மைதானத்தில் முதல் ஆட்டம். தோற்றுவிட்டது என்று முடிவுகட்டிய நேரத்தில் பிராவோ 30 பந்தில் 68 அடித்தார். காயத்தோடு வெளியே போயிருந்த கேதார் ஜாதவ் கடைசி ஓவரில் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஆட்டத்தை முடித்தார். கையில் இருந்தது ஒரே விக்கெட், ஒரே பந்து. மூன்று நாள் கழித்துச் சேப்பாக்கத்தில் கொல்கத்தாவின் 202 ரன்னையும் ஒரு பந்து மிச்சம் வைத்துத் தாண்டினார்கள். ஆனால் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுத் தமிழகமே கொதித்துக்கொண்டிருந்த நாள் அது. மைதானத்துக்கு வெளியே போராட்டம், உள்ளே செருப்பு வீச்சு. மிச்சமிருந்த ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவுக்குப் போயின. ஏப்ரல் 19 அன்று சுமார் 1000 ரசிகர்களோடு சென்னையிலிருந்து ஒரு தனி ரயில் புனேவுக்குக் கிளம்பியது. மறுநாள் ராஜஸ்தானுக்கு எதிராக ஷேன் வாட்சன் 57 பந்தில் 106 அடித்தார். புனேயில் ஆடிய ஆறில் ஐந்து வெற்றி.

சொந்த மண் பறிபோனால் அணியும் ரசிகரும் பிரிந்துவிடுவது உலகத்தில் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி 1955-இல் உலகத் தொடரை வென்றது. இரண்டே வருடத்தில், 1957 சீசன் முடிந்ததும், லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. மைதானத்துக்கு நடந்து போய்ப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு அது ஆறாத காயம். சென்னை அணி போனது ஒரு சீசனுக்கு மட்டும்தான், அதனால் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வன்னியம்பட்டியிலிருந்து சேப்பாக்கம் 500 கிலோமீட்டருக்கு மேல். பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும், டிக்கெட்டுக்குத் தனியாகச் செலவு. தென்மாவட்டத்து ரசிகர்களில் பெரும்பாலானோருக்குச் சேப்பாக்கமும் டிவியில் பார்க்கும் இடம்தான், புனேவும் டிவியில் பார்க்கும் இடம்தான். அதற்கு முந்தைய வருடம் தொடங்கிய ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசையில் தமிழ் வர்ணனையோடு ஆட்டம் ஓடியது. மைதானம் மாறியதால் இவர்கள் இழந்தது எதுவுமில்லை. அணியின் வேர் எந்த அளவுக்குப் பரவியிருந்தது என்பதைப் புனே காட்டிக்கொடுத்தது.

இதற்கு மறுப்பு உண்டு. இது ஒரு கம்பெனியின் அணி, இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினொரு பேரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை, பிறகு எப்படி நம் அணி என்பார்கள். நியாயமான கேள்வி. அஸ்வின் அந்த வருடம் பஞ்சாபில், தினேஷ் கார்த்திக் கொல்கத்தாவில், வாஷிங்டன் சுந்தர் பெங்களூரில். அந்தக் குறையை யாரும் மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பந்தம் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து மட்டும் வருவதில்லை, கூடவே இருந்தும் வரும். தோனியும் ரெய்னாவும் 2008 முதல் சீசனிலிருந்து ஆடியவர்கள். ஏலத்துக்கு ஏலம் ஆள் மாறும் போட்டியில் பத்து வருடம் கழித்தும் அதே முகங்கள் திரும்பி வந்ததே ரசிகரைப் பிடித்து நிறுத்தியது. தடைக்குக் காரணமான 2013 சூதாட்ட விவகாரம் அணிக்கு அழியாத கறைதான். அதற்கு இரண்டு சீசன் தண்டனை அனுபவித்தாகிவிட்டது. காவிரிக்காகப் போராடியவர்களின் கோபமும் சரியானது. பயிர் காயும்போது விளையாட்டு எதற்கு என்று கேட்க டெல்டா விவசாயிக்கு எல்லா உரிமையும் உண்டு. மத்திய அரசு காவிரி மேலாண்மை ஆணையத்தை அமைத்து அறிவித்தது ஜூன் 1-ஆம் தேதி, கோப்பையை வென்று ஐந்து நாள் கழித்து. ஆற்றுக்காகக் கோபப்பட்டவரும் அணிக்காக விசிலடித்தவரும் பல வீடுகளில் ஒரே ஆளாகத்தான் இருந்திருப்பார்.

வயதானவர்கள் அணி என்று கேலி செய்யப்பட்ட அணி அது. தோனிக்கும் வாட்சனுக்கும் 36, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 39. முதல் தகுதி ஆட்டத்தில் ஹைதராபாத்துக்கு எதிராக 140 தேவைப்பட, 62 ரன்னுக்கு ஆறு விக்கெட் போய்விட்டது. கடைசி மூன்று ஓவரில் 43 வேண்டும். டு பிளெஸ்ஸி 67 அடித்து நின்றார், ஷர்துல் தாக்கூர் ஐந்தே பந்தில் 15 சேர்த்தார், கடைசி ஓவரின் முதல் பந்து சிக்ஸர். மே 27 அன்று இறுதி ஆட்டமும் அதே வான்கடேயில், அதே ஹைதராபாத்தோடு. இலக்கு 179. வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. புவனேஷ்வர் குமார் மெய்டன் வீசினார். வாட்சன் பதறவில்லை, காத்திருந்தார். பிறகு சந்தீப் சர்மாவின் ஒரே ஓவரில் 27 ரன் வந்தது. கடைசியில் 57 பந்தில் 117, ஆட்டமிழக்காமல். எட்டு விக்கெட் வெற்றி, ஒன்பது பந்து மிச்சம். அந்த ஆட்டத்தை யூடியூபில் சுருக்கமாகப் பார்ப்பவர்களுக்கு சிக்ஸர்கள்தான் கிடைக்கும். முடிந்தால் முழு ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள். ரன் வராத அந்தப் பத்துப் பந்தையும் தள்ளிவிடாமல் பாருங்கள்.