டர்க்சன் கொண்டுவந்த 27 வாக்குகள்

அவையும் வாக்கும் – 14

1964 மே மாதம் வாஷிங்டனில் எல்லோரும் போட்டுப் பார்த்த கணக்கு ஒன்றுதான். செனட்டில் மொத்தம் 100 பேர். ஜனநாயகக் கட்சிக்கு 67, குடியரசுக் கட்சிக்கு 33. சென்ற வாரம் பார்த்த விதி 22-இன்படி, விவாதத்தை முடித்து மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கை தூக்க வேண்டும். நூறு பேரும் வந்தால் 67. ஆளும் கட்சியிடம் சரியாக அந்த 67 இருந்தது. ஆனால் அதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தென் மாநிலத்துக்காரர்கள். ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸ்ஸல் தலைமையில் அவர்கள் ஒரே முடிவோடு இருந்தார்கள்: சிவில் உரிமை மசோதா வாக்கெடுப்புக்கே வரக்கூடாது. பேசியே கொல்வது.

ஆக, ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் மசோதாவைத் தடுத்து நின்றது ஜான்சனின் சொந்தக் கட்சி. அதை மீட்க வேண்டுமானால் எதிர்க்கட்சியிலிருந்து இருபத்தைந்து பேராவது வர வேண்டும். அந்த இருபத்தைந்து பேரைக் கொண்டுவரக்கூடிய ஒரே மனிதர் எவரெட் டர்க்சன்.

இல்லினாய் மாநிலத்தில் பீக்கின் என்ற சிற்றூரிலிருந்து வந்தவர். 1933 முதல் பதினாறு ஆண்டுகள் பிரதிநிதிகள் சபை, 1951 முதல் செனட், 1959 முதல் அங்கே குடியரசுக் கட்சியின் தலைவர். அவருடைய பழைய வாக்குகளை மட்டும் வைத்துப் பார்த்தால், இப்படியொரு மசோதாவுக்கு இவர் தோள் கொடுப்பார் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். 1954-இல் ஜோசப் மெக்கார்த்தியைக் கண்டிக்கும் தீர்மானம் 67-22 என்று நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களித்த அந்த 22 பேரில் இவரும் ஒருவர். 1952 கட்சி மாநாட்டில் மிதவாதிகளின் தலைவரான தாமஸ் டூயியை மேடையிலிருந்தே விரல் நீட்டிச் சாடி, வலதுசாரிகளின் கைதட்டலை அள்ளிக்கொண்டவர். அதே ஆள் 1957, 1960 சிவில் உரிமைச் சட்டங்களுக்கு ஆதரவாக வாக்களித்தும் இருக்கிறார். அந்த இரண்டு வாக்குகளையும் அன்று பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருடைய எதிர்ப்பு நாடறிந்தது. 1961-இல் ஜான் கென்னடி ஜனாதிபதியாகப் பதவிக்கு வந்ததும், பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சித் தலைவர் சார்லஸ் ஹாலெக்கோடு சேர்ந்து வாராவாரம் நிருபர்களைச் சந்திக்க ஆரம்பித்தார். பத்திரிகைக்காரர்கள் அதற்கு ‘எவ் அண்ட் சார்லி ஷோ’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வெள்ளை மாளிகையின் செலவு, வரி, வெளியுறவு என்று அந்தந்த வாரத்தில் எது கிடைத்ததோ அதை எடுத்து அலசுவார். கலைந்த தலைமுடி, ஆழத்திலிருந்து எழும் குரல், நாடகக்காரரின் நிதானம். தொலைக்காட்சிக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. சிவில் உரிமை மசோதா வந்தபோதும் அவர் இரண்டு இடங்களில் வெளிப்படையாக எதிர்த்தார். உணவகம், விடுதி, திரையரங்கு ஆகியவற்றில் நிறம் பார்த்து ஆளை விலக்கக்கூடாது என்னும் இரண்டாம் பகுதி ஒன்று. வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாட்டைத் தடுக்கும் ஏழாம் பகுதி மற்றொன்று. தனியார் வியாபாரத்தில் மத்திய அரசு இவ்வளவு தூரம் நுழைவது சரியல்ல என்பது அவர் வாதம். இல்லினாயில் ஏற்கெனவே வேலைப் பாகுபாட்டைக் கவனிக்க ஓர் ஆணையம் இருந்தது. அதற்கு மேலே மத்திய அரசின் இன்னோர் ஆணையம் எதற்கு என்று கேட்டார்.

இந்த எதிர்ப்பு வேஷம் என்று நான் நினைக்கவில்லை. அவர் அதை நம்பினார். அதனால்தான் அவர் மாறியபோது அந்த மாற்றத்துக்கு எடை இருந்தது. எப்போதும் ஆதரிக்கிறவர் ஆதரித்தால் அவரோடு ஒரு வாக்குதான் வரும். எதிர்க்கிறவர்களின் நம்பிக்கையைப் பெற்றவர் ஆதரித்தால், தயங்கி நிற்கும் பத்துப் பேர் பின்னாலேயே வருவார்கள்.

ஜான்சனுக்கு இது நன்றாகத் தெரியும். செனட்டில் இருவரும் பல ஆண்டுகள் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தவர்கள். பகலில் மோதிக்கொண்டு மாலையில் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறவர்கள். மசோதாவை அவையில் நடத்திச் செல்லும் பொறுப்பிலிருந்த ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரியிடம், டர்க்சனை விடாதே, அவர் சொல்வதைக் கேள், பெருமை அவருக்கே போகட்டும் என்று ஜான்சன் திரும்பத் திரும்பச் சொன்னதாக ஹம்ஃப்ரியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சொந்தக் கட்சியின் மிகப் பெரிய சட்டத்துக்கான புகழை எதிர்க்கட்சித் தலைவருக்கு விட்டுக்கொடுக்க ஒரு ஜனாதிபதி தயாராக இருந்தார். ஜான்சனைப் பற்றி எனக்குப் பல மனத்தாங்கல்கள் உண்டு, வியட்நாம் ஒன்றே போதும். ஆனால் இந்த இடத்தில் அவரை வணங்கத் தோன்றுகிறது.

பிரதிநிதிகள் சபையில் பிப்ரவரி 10 அன்றே மசோதா 290-130 என்று நிறைவேறிவிட்டது. மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட் தலைமையிலான செனட் நீதிக் குழுவுக்குப் போனால் அங்கேயே புதைந்துவிடும் என்பதால், பெரும்பான்மைத் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்ட் அதைக் குழுவுக்கு அனுப்பாமல் நேரே அவைக்குக் கொண்டுவந்தார். மார்ச் கடைசியில் மசோதா மீதான பேச்சு தொடங்கியது. நின்றபாடில்லை.

மே மாதத் தொடக்கத்தில் டர்க்சனின் அலுவலக அறையிலேயே பேச்சுவார்த்தை ஆரம்பமானது. அரசுத் தரப்பில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி, துணை அட்டர்னி ஜெனரல் நிக்கோலஸ் கட்சன்பாக். செனட் தரப்பில் ஹம்ஃப்ரி. ஆளும் கட்சியினர் எதிர்க்கட்சித் தலைவரைத் தேடி அவர் அறைக்குப் போய் உட்கார்ந்ததைச் சிலர் கௌரவக் குறைச்சலாகப் பார்த்தார்கள். ஹம்ஃப்ரி அதைப் பொருட்படுத்தவில்லை. வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் உட்கார்ந்து மாற்றினார்கள். மே 26 அன்று மான்ஸ்ஃபீல்டும் டர்க்சனும் சேர்ந்து மாற்று மசோதாவை அவையில் வைத்தார்கள்.

அதில் டர்க்சன் என்ன பெற்றார்? பாகுபாட்டைத் தடுக்கச் சொந்தச் சட்டம் வைத்திருக்கும் மாநிலங்களுக்கு முதல் வாய்ப்பு: புகார் முதலில் அவர்களிடம் போகும், அதற்கென்று குறிப்பிட்ட நாட்கள் காத்திருக்க வேண்டும். ஒருவருக்கு நேர்ந்த ஒரு தனிச் சம்பவத்துக்காக மத்திய அரசு வழக்குப் போட முடியாது. ஒரு நிறுவனமோ ஊரோ இதையே வழக்கமாக வைத்திருந்தால்தான் போடலாம். வேலைவாய்ப்பு ஆணையம் தானாக நீதிமன்றம் போகும் அதிகாரம் பறிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட தொழிலாளிதான் வக்கீல் பிடித்து வழக்காட வேண்டும்.

இந்தக் கடைசி மாற்றத்தை நான் எளிதாகக் கடந்து போக மாட்டேன். வேலை மறுக்கப்பட்ட ஓர் ஏழைக் கறுப்பினத் தொழிலாளி தன் கைக்காசைப் போட்டு ஒரு பெரிய கம்பெனியை எதிர்த்து வழக்காடுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஆணையத்துக்கு வழக்குத் தொடுக்கும் அதிகாரம் 1972-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் இழப்பு டர்க்சன் கேட்ட விலை. ஆனால் உணவக மேசைக்கும் விடுதி அறைக்கும் தொழிற்சாலை வாசலுக்கும் சட்டம் வந்துவிட்டது. அதன் முதுகெலும்பில் அவர் கை வைக்கவில்லை.

பேரம் முடிந்தால் வாக்கு தானாக வந்துவிடாது. நம் ஊர் வாசகர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்ந்ததிலிருந்து, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போய்விடலாம். மேலும் நம் மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று பதிவேட்டில் தேடினால் பெயரே இருக்காது. அமெரிக்க செனட்டில் கொறடா கெஞ்சலாம், கொஞ்சலாம், கோபப்படலாம். பதவியைப் பறிக்க முடியாது. ஆகவே டர்க்சன் ஒவ்வொருவராகத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் அயோவாவின் பர்க் ஹிக்கன்லூப்பர் முறுக்கிக்கொண்டார். கட்சியில் மூத்தவர். டர்க்சனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த விளம்பரம் அவருக்கு உறுத்தியது. விவாத முடிப்புக்கு முன்னால் தன் பக்கத்துத் திருத்தங்கள் மூன்றின் மீது வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டார். மான்ஸ்ஃபீல்ட் ஒப்புக்கொண்டார். மூன்றில் ஒன்றுதான் தேறியது: கென்டக்கியின் த்ரஸ்டன் மார்ட்டன் கொண்டுவந்த ஜூரி விசாரணைத் திருத்தம். ஆனால் அந்தக் குழுவின் மனக்குறை தீர்ந்தது. கறுப்பின மக்கள் மிகக் குறைவாக வாழும் மத்திய மேற்கு மாநிலங்களின் செனட்டர்களிடம் வேறோர் அழுத்தமும் வேலை செய்தது. அங்கே தேவாலயங்கள் களத்தில் இறங்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்ட வார்த்தை திங்கட்கிழமை கடிதமாக வாஷிங்டனுக்கு வந்தது. கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பர்மிங்ஹாமில் கறுப்பின ஊர்வலத்தினர் மீது போலீஸ் ஏவிய நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கிகளையும் பார்த்துவிட்டு எழுதியவர்கள் அவர்கள். இவர்களும், வாஷிங்டனில் செனட்டர்களின் அறைக்கதவுகளை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த கிளாரன்ஸ் மிட்செல் போன்றவர்களும் இல்லாமல் டர்க்சன் இல்லை.

ஜூன் 10 காலை. மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் இரவெல்லாம் நின்று 14 மணி 13 நிமிடம் பேசி முடித்தார். மசோதா செனட்டில் 57 வேலை நாட்களைத் தின்றிருந்தது. கடைசியாகப் பேச எழுந்த டர்க்சனுக்கு உடம்பு சரியில்லை. பல நாட்களாகப் பதினான்கு, பதினைந்து மணி நேர உழைப்பு. அந்தப் புகழ்பெற்ற குரல் அன்று தணிந்தே வந்தது. விக்டர் ஹ்யூகோவை மேற்கோள் காட்டினார். இந்த மாற்றத்துக்கான வேளை வந்துவிட்டது, இதைத் தள்ளிப்போட முடியாது என்பதே அந்தப் பேச்சின் சாரம்.

பெயர் வாசித்து வாக்கெடுப்பு தொடங்கியது. கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கில் மூளைக்கட்டியால் பேச்சிழந்திருந்தார். சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். பெயர் வாசிக்கப்பட்டது. வாய் திறக்க முடியவில்லை. கையைத் தூக்கித் தன் கண்ணைக் காட்டினார். ‘ஆம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் கண்ணுக்கான சொல்லும் ஒரே ஓசை. குமாஸ்தா அதை ஆதரவு வாக்காகப் பதிந்தார். அடுத்த மாதக் கடைசியில் எங்கில் இறந்துபோனார். டெலவேரின் ஜான் வில்லியம்ஸ், குடியரசுக் கட்சிக்காரர், 67-ஆவது வாக்கைத் தந்தார். முடிவு 71-29. ஒரு சிவில் உரிமை மசோதாவில் செனட் விவாதத்தை முடித்துவைத்தது வரலாற்றில் அதுவே முதல் முறை.

இப்போது அந்த 71-ஐப் பிரித்துப் பாருங்கள். ஜனநாயகக் கட்சி 44, குடியரசுக் கட்சி 27. ஆளும் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர்தான் ஆதரித்தார்கள்; எதிர்க்கட்சியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். வெளியே வாராவாரம் அரசைத் தாக்கிப் பேசியவரின் அணிதான் உள்ளே அரசின் மசோதாவைக் கரை சேர்த்தது.

ஒரு உறுப்பினரின் பதிவேட்டைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இறுதி வாக்கெடுப்பை மட்டும் பார்க்கிறார்கள். ஜூன் 19 அன்று மசோதா 73-27 என்று நிறைவேறியபோதும் குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர்கள் ஆறு பேர். எண்ணிக்கை அதேதான், ஆட்களில் சிலர் வேறு. ஹிக்கன்லூப்பர் ஜூன் 10 அன்று விவாதத்தை முடிக்க வாக்களித்துவிட்டு, ஜூன் 19 அன்று மசோதாவை எதிர்த்தார். யூட்டாவின் வாலஸ் பென்னட் நேர்மாறாக, முதலில் எதிர்த்துப் பின்பு ஆதரித்தார். இருவரில் மசோதாவுக்கு உண்மையில் உதவியவர் ஹிக்கன்லூப்பர். ஜூன் 10 தாண்டாவிட்டால் ஜூன் 19 வந்தே இருக்காது. இறுதிப் பட்டியலை மட்டும் வைத்து ஒருவரைத் தீர்ப்பிடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த இரண்டு பெயர்களே போதும்.

இரண்டு நாளும் எதிர்த்தவர்களில் ஒருவர் அரிசோனாவின் பாரி கோல்ட்வாட்டர். 1957, 1960 சட்டங்களை ஆதரித்த அவர், இந்தச் சட்டத்தின் இரண்டாம், ஏழாம் பகுதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்றார். டர்க்சன் நேரில் மன்றாடிப் பார்த்தார். பயனில்லை. ஜூலை 2 அன்று ஜான்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஜூலையின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவில் குடியரசுக் கட்சி மாநாடு. ஜனாதிபதி வேட்பாளராகக் கோல்ட்வாட்டரின் பெயரை முன்மொழிந்தவர் யார் தெரியுமா? எவரெட் டர்க்சன்.

எனக்கு இது இன்றும் வலிக்கிறது. அந்த ஐந்து வாரத்தில் மனசாட்சிக்கு ஒரு வாக்கு, கட்சிக்கு ஒரு பேச்சு என்று அவர் பிரித்துக்கொண்டார். அதற்குக் கட்சி கொடுத்த விலை பெரிது. நவம்பரில் கோல்ட்வாட்டர் வென்றது ஆறே மாநிலங்கள்: சொந்த அரிசோனாவும், சட்டத்தை வெறுத்த ஐந்து தென் மாநிலங்களும். 1960-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்சனுக்குக் கறுப்பின வாக்காளர்களில் பத்தில் மூன்று பேராவது வாக்களித்திருந்தார்கள். 1964-இல் அந்த ஆதரவு அடியோடு சரிந்தது, பிறகு மீளவே இல்லை. தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் அந்தச் செப்டம்பரிலேயே ஜனநாயகக் கட்சியை விட்டுக் குடியரசுக் கட்சிக்கு வந்து சேர்ந்தார். 27 செனட்டர்கள் போட்ட வாக்கை நாடு மறந்தது. ஒரு வேட்பாளர் போட்ட வாக்கை நினைவில் வைத்துக்கொண்டது.

டர்க்சன் அத்தோடு நின்றுவிடவில்லை. 1965 வாக்குரிமைச் சட்டத்தின் வாசகத்தைக் கட்சன்பாக்கோடு உட்கார்ந்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். செனட்டில் அது 77-19 என்று நிறைவேறியது. அதே ஆண்டில், மாநிலச் சட்டமன்றத் தொகுதிகள் மக்கள்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தளர்த்த அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்தார். 57-39; பெரும்பான்மை கிடைத்தும் மூன்றில் இரண்டு பங்குக்கு எட்டவில்லை. தொழிற்சங்கங்கள் கேட்ட டாஃப்ட்-ஹார்ட்லி தொழிலாளர் சட்டத் திருத்தத்தைத் தடுக்க அவரே முடிவில்லாப் பேச்சுக்குத் தலைமை தாங்கினார். 1966 பிப்ரவரியில் அதை முடிக்கும் தீர்மானம் 51-48 என்று விழுந்தது. இருபது மாதங்களுக்கு முன் உடைத்த ஆயுதத்தைத் தானே கையில் எடுத்தார்.

1966-இல் இன்னொன்றும் நடந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்க்கக்கூடாது என்ற மசோதாவை, அரசியலமைப்புக்கு முரணானது என்று சொல்லி டர்க்சன் எதிர்த்தார். அது செனட்டில் செத்தது. இரண்டே ஆண்டுகளில், 1968 மார்ச் 4 அன்று, அதே போன்ற மசோதாவைக் காப்பாற்ற விவாத முடிப்புக்கு ஆதரவாக வாக்களித்தார். 65-32. இடையில் என்ன மாறியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)