தேர்தல் வாக்குறுதியை எடை போடுவது எப்படி?

விளைபொருளை விற்கும்போது தராசைச் சரிபார்க்காமல் நாம் மூட்டையை இறக்குவதில்லை. ஆனால் தேர்தல் காலத்தில் விலை, மானியம், கடன் பற்றிச் சொல்லப்படுவதை எடை போட்டுப் பார்க்கும் விவசாயிகள் குறைவு. எடை போடாமலேயே வாதாடி, உறவையும் கெடுத்துக் கொள்கிறோம்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் மரவள்ளி வயல் ஒன்றைப் பார்ப்பதற்காகக் கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம் சென்றிருந்தேன். தேநீர்க் கடையில் இரண்டு விவசாயிகள் உரத்த குரலில் வாதாடிக் கொண்டிருந்தனர். ஒருவர் மாமன், மற்றவர் மருமகன். இருவருக்கும் பொதுக் கிணறு ஒன்று.

“ஆதரவு விலைக்குச் சட்டமே போடுவோம்னு சொல்றாங்க மாமா. அப்புறம் வியாபாரி குறைச்சுக் கேட்க முடியுமா?” என்றார் இளையவர்.

“சட்டம் வரும்போது வரட்டும் மாப்பிள்ளை. வருஷம் ஆறாயிரம் கணக்குல வருதே, அது கண்ணுக்குத் தெரியலையா?” என்றார் பெரியவர்.

விசாரித்ததில், இந்த வாதத்தினால் மூன்று நாட்களாகக் கிணற்று முறைத் தண்ணீரும் நின்று போயிருந்தது தெரிந்தது. சித்திரை வெயிலில் பெரியவரின் மறுதாம்புக் கரும்பும் இளையவரின் மரவள்ளியும் வாடிக் கொண்டிருந்தன.

“உங்கள் பயிர் என்ன?” என்று கேட்டேன். பெரியவருக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. இளையவருக்கு அடிவாரத்தில் மரவள்ளி, மலை மேல் கொஞ்சம் சாமை. “நீங்கள் வாதாடும் ஆதரவு விலைப் பட்டியலில் இந்த மூன்று பயிருமே இல்லையே” என்றேன். இருவரும் சற்று நேரம் பேசவில்லை. அன்று அவர்களுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். இது எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ எழுதப்பட்டதன்று.

கட்சிகள் சொன்னது என்ன?

2024 தேர்தல் அறிக்கையில் காங்கிரஸ் கட்சி, சுவாமிநாதன் ஆணையத்தின் பரிந்துரைப்படி குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் அளிப்பதாகக் கூறியது. பாரதிய ஜனதா கட்சி, ஆதரவு விலையை அவ்வப்போது உயர்த்துவதாகவும், ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டத்தைத் தொடர்வதாகவும் கூறியது. மொத்த உற்பத்திச் செலவுடன் 50 சதவீதம் சேர்த்து விலை என்றும், டீசல் லிட்டர் 65 ரூபாய் என்றும் தி.மு.க. அறிவித்தது. பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வழங்க மத்திய அரசை வலியுறுத்துவதாக அ.இ.அ.தி.மு.க. கூறியது. இவை ஒவ்வொன்றையும் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளால் எடை போடலாம்.

1. இது யார் கையில் உள்ள அதிகாரம்?

குறைந்தபட்ச ஆதரவு விலை, கரும்புக்கான நியாய ஆதாய விலை, உர மானியம், இறக்குமதித் தீர்வை ஆகியவை மத்திய அரசின் கையில் உள்ளவை. விவசாயத்திற்கு இலவச மின்சாரம், கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, நெல்லுக்கும் கரும்புக்கும் ஊக்கத்தொகை, நிலப்பட்டா ஆகியவை மாநில அரசு செய்பவை. டில்லிக்குப் போகும் வேட்பாளர் மின் இணைப்பைப் பற்றியும், கோட்டைக்குப் போகும் வேட்பாளர் இறக்குமதித் தீர்வையைப் பற்றியும் உறுதி கூறினால், “இதை எப்படி வாங்கித் தருவீர்கள்?” என்று கேட்பதில் தவறில்லை.

2. நம் பயிர் பட்டியலில் உண்டா?

மத்திய அரசு 22 பயிர்களுக்கு ஆதரவு விலை அறிவிக்கிறது. நம் பகுதியில் பயிராகும் நெல், மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, உளுந்து, துவரை, நிலக்கடலை, எள், பருத்தி ஆகியவை அதில் உள்ளன. கரும்புக்குத் தனி ஆணையின்படி விலை உண்டு. மரவள்ளி இல்லை, மஞ்சள் இல்லை, சாமையும் இல்லை. எனவே பட்டியலை விரிவாக்காமல் சட்ட உத்தரவாதம் மட்டும் வந்தால், மரவள்ளி விவசாயிக்கு அதனால் நேரடிப் பயன் இராது. சேகோ ஆலைகள் வழக்கம்போல் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை சொல்லும். மலையில் சேகரிக்கும் கடுக்காய், புளி போன்ற சிறு வன விளைபொருட்களுக்கு 2013-14 முதல் தனி ஆதரவு விலைத் திட்டம் இருப்பதையும் மலைவாழ் விவசாயிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

3. எந்தச் செலவின் மீது 50 சதவீதம்?

உற்பத்திச் செலவை இரண்டு விதமாகக் கணக்கிடுகிறார்கள். விதை, உரம், கூலி, டீசல் போன்ற கைச்செலவுடன் குடும்பத்தாரின் உழைப்பு மதிப்பையும் சேர்ப்பது ஒரு கணக்கு. இதனுடன் சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும், போட்ட முதலுக்கு வட்டியையும் சேர்ப்பது மற்றொரு கணக்கு. இதை ‘சி-2’ என்பார்கள். 2018-19 முதல் மத்திய அரசு முதல் கணக்கின்படி ஒன்றரை மடங்கு கொடுக்கிறது. 2023-24-இல் குவிண்டால் நெல்லுக்குச் செலவு 1,455 ரூபாய் என்று கொண்டு 2,183 ரூபாய் அறிவித்தது இவ்வாறுதான். விவசாய சங்கங்கள் கேட்பது இரண்டாவது கணக்கு.

உதாரணமாக, ஒரு குவிண்டாலுக்கு முதல் கணக்கில் செலவு 1,400 ரூபாய் என்றால் விலை 2,100. குத்தகை மதிப்பும் வட்டியும் 400 ரூபாய் சேர்ந்து செலவு 1,800 ஆனால் விலை 2,700. இரண்டையும் ‘செலவுடன் 50 சதவீதம்’ என்றே மேடையில் சொல்லலாம். ஆனால் குவிண்டாலுக்கு 600 ரூபாய் வித்தியாசம். எனவே “எந்தக் கணக்கு?” என்ற ஒரு சொல்லை விடாமல் கேட்க வேண்டும்.

4. அந்த விலைக்கு வாங்குவது யார்?

நெல்லுக்கு அரசின் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் உள்ளன. மக்காச்சோளத்திற்கு 2023-24-இல் 2,090 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஆனால் நெல்லுக்கு உள்ளது போன்ற கொள்முதல் நிலையங்கள் நம் மாவட்டத்தில் அதற்கு இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வரும் ஏலமே விலை. வாங்கும் ஆள் இல்லாத விலை ஏட்டுச் சுரைக்காய்தான்.

கரும்பிலும் எண்ணைக் கவனித்துக் கேட்க வேண்டும். 2023-24 பருவத்திற்கு டன்னுக்கு 3,150 ரூபாய் என்பது 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானம் உள்ள கரும்புக்கு உரிய விலை. கட்டுமானம் 9.5 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் 2,919 ரூபாய் 75 காசுதான். அதன் மேல் மாநில அரசின் சிறப்பு ஊக்கத்தொகை 215 ரூபாய் சேர்ந்து 3,134 ரூபாய் 75 காசு ஆகும். ஆகவே மேடையில் கேட்ட எண்ணை நம் ஆலையின் கட்டுமானத்தோடும், நம் கைக்கு வந்த பணப் பட்டுவாடாச் சீட்டோடும் ஒப்பிட வேண்டும். வாக்குறுதியில் பணம் கிடைக்கும் நாளும் சொல்லப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம்.

5. யார் பெயரில் வரும்?

ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவி 2019-இல் தொடங்கியது. மூன்று தவணையாக, நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கே வரும். குத்தகைதாரருக்கு இல்லை. 2020-இல் தகுதியற்ற பலர் இதில் சேர்க்கப்பட்டது தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் கண்டுபிடிக்கப்பட்டு, பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. அவற்றில் கள்ளக்குறிச்சியும் ஒன்று. தகுதியில்லாதவருக்குப் போனதும், தகுதியுள்ள உழைப்பாளிக்குப் போகாததும் இங்கேயே நடந்தவை.

ஜாகீர்தார்கள் வசம் இருந்த கல்வராயன் மலை 1976-இல்தான் அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. எனவே தலைமுறைகளாக உழுத நிலத்திற்கும் பட்டா இல்லாதவர்கள் அங்கு உண்டு. அவர்களுக்கு உதவித் தொகை, பயிர்க்கடன், கடன் தள்ளுபடி எல்லாமே பட்டா என்ற ஒரே கதவின் வழியாகத்தான் வர வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மத்திய அரசு இயற்றியது. அதன்படி உரிமைச் சீட்டு வழங்குவது மாநில அரசின் நிர்வாகம். மலைவாழ் விவசாயி எந்த வேட்பாளரிடமும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

நாம் செய்ய வேண்டியது

தேர்தல் அறிக்கையில் நம் பயிர் வரும் வரிகளை மட்டும் படித்த பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு கட்சிக்கும் பதில் குறியுங்கள். பதில் இல்லாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். வேட்பாளர் ஊருக்கு வரும்போது ஐந்தாறு பேர் சேர்ந்து, மரியாதையாக, அந்த வெறுமையான இடத்தைப் பற்றியே கேளுங்கள். தனி ஆள் கேட்டால் சண்டை என்பார்கள். ஊர் சேர்ந்து கேட்டால் கோரிக்கை ஆகும். எல்லாப் பதிலையும் பார்த்த பின்பும் இருவர் இரண்டு கட்சிக்கு வாக்களிக்கலாம். அதற்காகத்தான் வாக்கு இரகசியமாக வைக்கப்பட்டிருக்கிறது.

அன்று அந்த இளையவர், கரும்பு வெட்டு உத்தரவுச் சீட்டு ஒன்றின் பின்புறம் இந்தக் கேள்விகளை எழுதிக் கொண்டார். “மரவள்ளியை முதல்ல எழுது மாப்பிள்ளை” என்றார் பெரியவர். யாருக்கு வாக்களிப்பது என்பதில் இருவரும் கடைசி வரை ஒத்துப் போகவில்லை. ஆனால் நான் வயல் பார்த்துத் திரும்பும்போது கிணற்று மோட்டார் ஓடிக் கொண்டிருந்தது. தண்ணீர் மரவள்ளிப் பாத்தியில் பாய்ந்து கொண்டிருந்தது. முறைப்படி அது பெரியவரின் நாள்.