இளவயது முடி உதிர்வு: மாணவர்களிடம் என்ன சொல்வது?
பல்லாவரத்தில் என்னிடம் படிக்கும் மேல்நிலை மாணவர்கள் சிலர், முடி கொட்டுவதற்கு போர்வெல் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். முன்நெற்றி ஏறுவதற்கும் உச்சி வழுக்கைக்கும் முதன்மைக் காரணம் அதுவல்ல. மரபுவழி உணர்திறன் உள்ளவர்களுக்கு டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் முடியின் வேர்ப்பையைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும் முடி பெரும்பாலும் தானே வளரும். வட்டத் திட்டாக உதிரும் ‘புழுவெட்டு’ பூச்சியால் வருவதன்று. நோய் எதிர்ப்பாற்றலின் கோளாறு.

மினாக்சிடில் தடவினால் பலன் தெரியச் சில மாதங்களாகும். நிறுத்தினால் பலனும் மறையும். பினாஸ்டரைடு மாத்திரை 18 வயதுக்குட்பட்டோருக்கு உரியதன்று.

2016இல் சென்னையில் அழகு நிலையமொன்றில் முடி மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் உயிரிழந்தார். எனவே விளம்பரத்தை நம்பாமல் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம். பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்தோடு இதையும் விளக்கலாம். வகுப்பில் ‘சொட்டை’ என்ற கேலி எழுந்தால், அங்கேயே நிறுத்துவோம்.