கோடையில் இறகு கொட்டும் கோழி: முட்டை எங்கே போகிறது?

ஏப்ரல் கடைசியில ஆரம்பிச்சு கத்திரி வெயில் முடியுற வரைக்கும் நமக்கு ஒரே மாதிரி வாய்ஸ் மெசேஜா வரும். "மொட்டை மாடியில நாலு கோழி வளர்க்கிறேன். தலகாணி கிழிஞ்ச மாதிரி கூண்டு முழுக்க இறகு. முட்டையும் நின்னு போச்சு. என்ன நோய்? என்ன மருந்து?" ரெண்டு வாரம் கழிச்சு அவங்கள்ல சிலர்கிட்ட இருந்து இன்னொரு மெசேஜ் வரும். "முட்டையும் இல்ல, பார்க்கவும் சகிக்கல, கறிக்கடையில குடுத்துடலாம்னு வீட்டுல சொல்றாங்க."

அந்த ரெண்டு மெசேஜுக்கும் நடுவுல இருக்கிற நாட்களுக்காகத்தான் இந்த எபிசோட். சுருக்கமா சொன்னா, பெரும்பாலும் இது நோய் கிடையாது. கோழிக்கு வயசாகி முடிஞ்சு போச்சுன்னும் அர்த்தம் கிடையாது. அது வேற ஒரு செலவுல மாட்டியிருக்கு, அவ்வளவுதான்.

ஏன் இப்போ?

ஒரு வயசைத் தாண்டின கோழி பழைய இறகை உதிர்த்துட்டுப் புது இறகு போடும். குளிர் நாடுகள்ல பகல் நேரம் குறையக் குறைய, இலையுதிர் காலத்துல இது நடக்கும். நம்ம ஊர்ல பகல் நேரம் அவ்வளவு மாறாது. சென்னையில வருஷத்தோட நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆனா இறகு உதிர்வைத் தொடங்கி வைக்க வேற விஷயங்களும் இருக்கு. கடும் வெப்பம், தீனி குறையுறது, ஒரு நாள் தண்ணி கிடைக்காம போறது, அடை படுத்து குஞ்சு பொரிச்சு வளர்த்த களைப்பு. மே மாசத்து மொட்டை மாடியில இதெல்லாம் ஒண்ணா சேர்ந்துக்கும்.

இயல்பான உதிர்வுக்கு ஒரு வரிசை உண்டு. முதல்ல தலை, கழுத்து. அப்புறம் நெஞ்சு, முதுகு. கடைசியா இறக்கை, வால். கொட்டின இடத்துல சில நாள்ல முள்ளு முள்ளா புது இறகு எட்டிப் பார்க்கும். கொண்டை வெளிறிச் சுருங்கும். கோழி ஒதுங்கி நிக்கும், தொட விடாது. முழுசா முடிய ரெண்டுல இருந்து மூணு மாசம் ஆகும்.

முட்டை முதுகுல இருக்கு

இப்போ கொஞ்சம் கணக்கு. ஒன்றரை கிலோ கோழின்னு வச்சுக்கலாம். இறகோட எடை உடல் எடையில 5 சதவீதம்னு எடுத்தா 75 கிராம். இறகுங்கிறது நம்ம தலைமுடி, நகம் மாதிரி கெரட்டின்தான். அதுல 85 சதவீதத்துக்கு மேல புரதம். அப்படின்னா கோழி சுமார் 65 கிராம் புரதத்தைப் புதுசா நெய்யணும். ஒரு முட்டையில இருக்கிறது 6 கிராம் அளவு. பத்து முட்டைக்கு மேல போட வேண்டிய புரதம் அப்படியே தோல் மேல போகுது. தின்னுற புரதம் மொத்தமும் இறகா மாறாது, அதனால உண்மையான செலவு இன்னும் அதிகம்.

அதனால உடம்பு ஒரு முடிவு எடுக்குது. முட்டைக் கடையை மூடிட்டு இறகு வேலையைப் பார்க்குது. வீட்டுல "சும்மா தின்னுட்டு நிக்குது"ன்னு யாராவது சொன்னா இந்தக் கணக்கைச் சொல்லுங்க. என் அம்மாகிட்ட எடுபட்டது இது ஒண்ணுதான்.

கோடையில இருக்கிற சிக்கல்

குளிர் காலத்துல உதிர்ந்தா கோழி நல்லா தின்னும், சமாளிச்சுடும். கோடையில அப்படி இல்ல. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதோட உடம்பு வெப்பநிலையே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். வாயைத் திறந்து இரைக்கிறதும், கொண்டை, தாடி வழியா சூட்டை விடுறதும்தான் அதுக்குத் தெரிஞ்ச ஏசி. தின்ன தீனி செரிக்கும்போதும் உடம்புல சூடு கிளம்பும். அதனால வெயில் ஏற ஏற அது தீனியைக் குறைச்சுக்கும்.

ஆக, புரதம் அதிகமா வேணுங்கிற நேரத்துல கோழி கம்மியா தின்னுது. 100 கிராம் தின்ன கோழி 70 கிராமுக்கு வந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க. அந்த 70 கிராமும் அரிசிக் குருணைன்னா கிடைக்கிற புரதம் 5, 6 கிராம்தான். அதுவே 20 சதவீதப் புரதம் உள்ள தீவனம்னா 14 கிராம். கோழியை அதிகமா தின்ன வைக்க நம்மால முடியாது. தின்னுற ஒவ்வொரு வாயும் கனமா இருக்கிற மாதிரி பார்த்துக்கலாம். மூணு வேலை இருக்கு.

முதல் வேலை, தீவனத்தை மாத்துறது. இந்த ரெண்டு மூணு மாசத்துக்குக் குருணையையும் கம்பையும் ஒரு கைப்பிடியோட நிறுத்திடுங்க. முக்கியத் தீவனம் 20 சதவீதப் புரதம் உள்ள ஸ்டார்ட்டரா இருக்கட்டும். மூட்டை லேபிளைப் படிச்சு, மருந்து கலக்காததா வாங்குங்க. கூட்டத்துல வேற கோழி முட்டை போட்டுக்கிட்டு இருந்தா, ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்துல வைங்க. வேணுங்கிறது எடுத்துக்கும்.

மேல கொஞ்சம் சேர்க்கலாம், மொத்தத் தீனியில பத்துல ஒரு பங்குக்குள்ள. வேகவைச்ச முட்டை, உப்பு போக ஊறவைச்சு அலசின நெத்திலிக் கருவாடு, வேகவைச்ச சோயா. பச்சை சோயா கொடுத்தா செரிமானம் கெடும். கடலைப் புண்ணாக்குல பூஞ்சை வாசம் லேசா இருந்தாலும் தூக்கிப் போடுங்க, அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். ஊர்ல மண் தரை இருக்கிற வீடுன்னா தாத்தா பாட்டிகிட்ட கரையான் பானை பத்திக் கேளுங்க. பழைய பானையில கிழிஞ்ச சாக்கு, காய்ந்த சாணி, ஓலை எல்லாம் போட்டு, தண்ணி தெளிச்சு, சாயங்காலம் தரையில கவிழ்த்து வைப்பாங்க. காலையில நிமிர்த்தினா கரையான் அப்பியிருக்கும். காசில்லாத புரதம்.

ரெண்டாவது வேலை, நேரத்தை மாத்துறது. விடியற்காலை அஞ்சரைல இருந்து எட்டு மணிக்குள்ள ஒரு வேளை, சாயங்காலம் அஞ்சுக்கு மேல ஒரு வேளை. மதியம் தீனியைத் திணிக்க வேண்டாம். தண்ணி மட்டும் எந்த நேரமும் இருக்கணும். மண் சட்டியில ஊத்தி நிழல்ல வைங்க, மதியத்துல ரெண்டு மூணு தடவை மாத்துங்க. பிளாஸ்டிக் டப்பாவுல சூடாகிப் போன தண்ணியைக் கோழி தேவையான அளவு குடிக்காது.

மூணாவது வேலை, நிழல். தகரக் கூரையோட வெறும் சிமென்ட் தரையும் சேர்ந்தா அது அடுப்பு. கூரை மேல தென்னங்கீற்று போட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பச்சை நிழல்வலை கட்டுங்க. ஈரச் சாக்கு தொங்க விடுறது மதுரை, கோவை மாதிரி காத்து வறண்ட ஊர்ல நல்லா வேலை செய்யும். சென்னைக் காத்துல ஏற்கெனவே ஈரம் அதிகம், தண்ணி சீக்கிரம் ஆவியாகாது. இங்க காத்தோட்டம்தான் முக்கியம், ஒரு சின்ன ஃபேன் போதும். இறகு இல்லாத தோல் வெயில்ல பொசுங்கும், அதையும் மறக்காதீங்க. திடீர்னு கோடை மழை பெய்ஞ்சா அதே கோழி நடுங்கும், ஒதுங்க ஒரு காஞ்ச மூலை வேணும்.

செய்யக் கூடாதவை

தூக்கிக் கொஞ்சாதீங்க. புது முள் இறகுக்குள்ள ரத்தம் ஓடும், அழுத்தினா வலிக்கும். ஒண்ணு உடைஞ்சு ரத்தம் வந்தா சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு, கொஞ்சம் சோளமாவு வைங்க. ரத்தம் நிக்கிற வரைக்கும் தனியா வைங்க, இல்லன்னா மத்த கோழிங்க கொத்தும். சோஷியல் மீடியாவுல வர்ற கோழி ஸ்வெட்டர் நமக்கு வேண்டவே வேண்டாம்.

முட்டை சீக்கிரம் வரணும்னு ராத்திரி லைட் போடாதீங்க. பட்டினி போட்டா உதிர்வு வேகமா முடியும்னு சிலர் சொல்வாங்க. முட்டைப் பண்ணைகள்ல இருந்த பழக்கம் அது. பட்டினி போட்டு இறகு உதிர வைக்கிற முறையை நிறுத்தச் சொல்லி 2011-ல் இந்திய விலங்குகள் நல வாரியமே பண்ணைகளுக்குச் சொல்லியிருக்கு. நம்ம வீட்டு நாலு கோழிக்கு அது எதுக்கு? கடைக்காரர் நீட்டுற ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். இறகு உதிர்வுக்கு அதுல மருந்து இல்ல.

எப்போ டாக்டர்?

எல்லா மொட்டையும் இறகு உதிர்வு இல்ல, அதனால வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும். ராத்திரி கோழி அசந்திருக்கும்போது டார்ச் அடிச்சு ஆசனவாயைச் சுத்தியும் இறக்கைக்கு அடியிலயும் பாருங்க. பேன், செள்ளு ஊறினா முதல்ல அதுக்கு வைத்தியம். நிழல்ல சாம்பலும் மண்ணும் கலந்து ஒரு குளியல் தொட்டி எப்பவும் இருக்கட்டும். இறகு வேரோட விழாம பாதியில உடைஞ்சிருந்தா மத்த கோழி கொத்துது, இல்ல சேவல் மிதிக்குது. ஒரு வயசுகூட ஆகாத கோழி மொத்தமா கொட்டினாலும் சந்தேகப்படுங்க.

மதியம் ரெண்டு மணிக்கு வாயைத் திறந்து இரைச்சா அது வெயில். காலையில ஆறு மணிக்கும் இரைச்சா அது நோய். ஒரு நாள் முழுக்கத் தின்னாம குடிக்காம இருந்தாலோ, பச்சையா வெள்ளையா நீர் மாதிரி கழிஞ்சாலோ, மூக்குல சளி, கழுத்து திருகல் இருந்தாலோ காத்திருக்காதீங்க. வெள்ளைக்கழிச்சலா இருக்கலாம். அந்தக் கோழியைத் தனியா பிரிச்சிட்டு, அன்னைக்கே கால்நடை மருத்துவரைப் பாருங்க.

வாரம் ஒரு தடவை, ராத்திரியில, அடியில கை கொடுத்துத் தூக்கி எடை போட்டு எழுதி வைங்க. எங்க வீட்டு கருப்பிக்கு போன வருஷம் எடைதான் முதல்ல திரும்பி வந்தது. அப்புறம் கொண்டை சிவந்தது. முட்டை கடைசியாத்தான் வந்தது. வயசான கோழின்னா இன்னும் லேட் ஆகும். அதனால முதல் இறகு விழுந்த தேதியைக் காலண்டர்ல குறிச்சு, மூணு மாசம் தள்ளி இன்னொரு குறி போடுங்க. வீட்டுல கறிக்கடைப் பேச்சு வந்தா அந்த ரெண்டாவது தேதியைக் காட்டுங்க. அதுவரைக்கும் அவகாசம் வாங்கிக் கொடுக்குறது உங்க பொறுப்பு.

அடுத்த எபிசோட்ல அடைக்கோழி பத்திப் பேசலாம். கோழிங்களுக்கு மதியத் தண்ணி மாத்தியாச்சான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.