கரையும் உரிமை

பொங்கல் கழிந்த வாரத்தில் மரக்காணம் உப்பளத்துக்குப் போனால் உப்பைப் பார்க்க முடியாது. வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன தண்ணீரும் சேறும்தான் கிடக்கும். அந்தச் சேற்றில் ஆட்கள் வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருப்பார்கள். மழைநீரை இறைத்து, படிந்த வண்டலை வழித்தெடுத்து, அடிக்களியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினால்தான் பாத்தி உப்புக்கு ஆகும். களி இறுகாவிட்டால் வெயிலில் முற்றிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். வாரும் உப்பிலும் சேறு கலந்து வரும்.

வரப்பில் உட்கார்ந்து பாதத்து வெடிப்பில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "போன வருசத்து மிதி இந்த வருசத்துக்கு ஆவாது தம்பி. தை பொறந்தா எல்லாருமே புது ஆளுங்கதான்."

கோல்ஃப் விளையாட்டில் 'டூர் கார்டு' என்ற ஒன்றைப் பற்றிப் பல ஆண்டுகள் படித்திருந்தும், அதன் உள்ளியல்பு எனக்கு விளங்கியது அந்த வரப்பில்தான்.

நம்மில் பலருக்கு கோல்ஃப் என்றால் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. கிண்டி ரேஸ் கோர்ஸைத் தாண்டிப் போகும்போது பச்சைப் புல்வெளியில் முன்பு தெரிந்த வெள்ளைத் தொப்பிகள். ஆனால் இந்த ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களின் வாழ்க்கை வேறு. மாதச் சம்பளம் கிடையாது. கால்பந்து வீரரைப் போல ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொள்ள ஒரு கிளப் கிடையாது. கிரிக்கெட்டில் இருப்பதுபோல் தேர்வுக்குழுவும் கிடையாது. பயணம், தங்கும் இடம், பையைச் சுமந்து யோசனை சொல்லும் கேடியின் கூலி, எல்லாம் ஆட்டக்காரரின் கைக்காசு. அவருக்கு இருக்கும் ஒரே சொத்து, இந்த ஆண்டு இந்தப் போட்டிகளில் ஆடலாம் என்ற உரிமை. அதற்குத்தான் டூர் கார்டு என்று பெயர்.

ஆட்டம் எளிதுதான். ஏறக்குறைய 46 கிராம் எடையுள்ள பந்தை, 10.8 சென்டிமீட்டர் அகலமுள்ள குழிக்குள், எத்தனை குறைவான அடியில் தள்ளுகிறோம் என்பதே கணக்கு. நாளுக்கு 18 குழி. நான்கு நாள் போட்டி. இரண்டாம் நாள் மாலை 'கட்' விழும். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூரில் இப்போது முதல் 65 இடங்களும் அந்த 65-ஆம் இடத்தோடு சமமாக நிற்பவர்களும் வார இறுதிக்குப் போவார்கள். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை இரவே பெட்டி கட்ட வேண்டும். பரிசுப் பணம் ஒரு காசும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். நன்றாக ஆடும் எல்லோரையும் ஆடவிட்டால் என்ன? ஏன் உரிமைக்கு இத்தனை பஞ்சம்?

காரணம் சூரியன். ஒரு மைதானத்தில் காலையிலிருந்து மூன்று மூன்று பேராகத்தான் அனுப்ப முடியும். ஒரு குழு 18 குழியை முடிக்க நான்கரை, ஐந்து மணி நேரம் ஆகும். கடைசிக் குழு இருட்டுவதற்குள் கரையேற வேண்டும். ஆகவே ஒரு நாளின் வெளிச்சத்துக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்பதே அந்த வாரத்தின் இடங்கள். நெடுங்காலம் 156 பேர் என்பது பெரிய போட்டிகளின் உச்ச அளவு. அது 2026 முதல் 144 ஆகக் குறைக்கப்பட்டது; பகல் சுருங்கிய மாதங்களில் அதைவிடவும் குறைவு. உப்பளத்துக்காரர்களைப் போலவே இவர்களும் வெயிலை நம்பிப் பிழைப்பவர்கள் என்பதை நான் யோசித்ததே இல்லை.

இடத்தை எப்படிப் பங்கிடுவது? ஆண்டு முழுக்க ஒவ்வொரு போட்டியிலும் எடுக்கும் இடத்துக்குப் புள்ளி உண்டு. பருவ முடிவில் பட்டியலின் முதல் 125 பேருக்கு மறு ஆண்டுக்கான முழு உரிமை என்பதே நீண்டகால வழக்கம். 2025 முடிவில் அதை 100 ஆக்கிவிட்டார்கள். மறு பருவம் பிறந்ததும் எல்லோருடைய புள்ளியும் பூஜ்யம். போன ஆண்டு 20-ஆம் இடத்தில் இருந்தவரும் 99-ஆம் இடத்தில் இருந்தவரும் ஒரே சேற்றில் இறங்கி மிதிக்க வேண்டியதுதான். கோட்டுக்குச் சற்றுக் கீழே முடித்தவர்கள் ஒரேயடியாக வெளியே தள்ளப்படுவதில்லை. அரை உரிமை கொடுத்து வரிசையில் நிறுத்துவார்கள். யாராவது விலகினால் இடம் வரும். எந்த வாரம் கூப்பிடுவார்கள் என்று தெரியாமல், கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு பகுதியைச் சேர்ந்த சீமஸ் பவரின் கதை அப்படிப்பட்டது. அந்த நாட்டுக் கடற்கரையை நினைக்க மரக்காணத்து மணலே போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குள் நடந்தால், உழவுக்கு உதவாத மணல்மேடுகள் வரும். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்திருக்கும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கடலுக்கும் கழனிக்கும் நடுவே கிடந்த அப்படிப்பட்ட புல்மேட்டுக்கு 'லிங்க்ஸ்' என்று பெயர். ஏர் ஓட்ட முடியாத அந்த நிலத்தில் வளர்ந்ததுதான் இந்த ஆட்டம். அங்கிருந்து கப்பலேறி 1829-இல் கொல்கத்தாவுக்கும், 1895-இல் நம் கொடைக்கானலுக்கும் வந்து சேர்ந்தது.

பவர் 2016-இல் அமெரிக்காவின் இரண்டாம் நிலைத் தொடரில் வென்று மேலே ஏறினார். பிறகு வழுக்கினார். 2020–21 பருவத்தை முழு உரிமை இல்லாமல், கிடைத்த இடத்தில் ஆடியே கடத்தினார். 2021 ஜூலையில் கென்டக்கியில் நடந்த பார்பசோல் சாம்பியன்ஷிப்பில் ஜே.டி. போஸ்டனோடு சமநிலை வந்து, கூடுதலாக ஆறு குழிகள் ஆடி வென்றார். ஒரு வெற்றி என்பது கோப்பையைவிடப் பெரியது. அந்தப் பருவத்தின் மீதியோடு மேலும் இரண்டு பருவங்களுக்கு உரிமை கிடைக்கும்.

ஆனால் இந்த அமைப்பின் கதவுகள் எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் அர்ஜுன் அட்வாலைத்தான் சொல்வேன். ஆசன்சோலில் பிறந்தவர், கொல்கத்தாவில் ஆடி வளர்ந்தவர். 2003-இல் தகுதித் தேர்வைத் தாண்டி, பி.ஜி.ஏ. டூரின் உறுப்பினரான முதல் இந்தியர். சில ஆண்டுகளில் தோள்கள் பழுதாயின. காயம்பட்டவருக்கு இந்த அமைப்பில் ஒரு சலுகை உண்டு. தவறவிட்ட போட்டிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, குணமான பிறகு அத்தனை போட்டி ஆடக் கொடுப்பார்கள். அன்று, அதற்குள் பாக்கி இருக்கும் தொகையைச் சம்பாதித்துக் காட்ட வேண்டியிருந்தது. 2010 ஜூலையில் அட்வாலின் தவணை தீர்ந்தது, தொகை எட்டவில்லை. கார்டு போனது.

ஆகஸ்டில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் விண்டம் சாம்பியன்ஷிப். அதில் ஆட அவருக்கு மிஞ்சியிருந்தது திங்கட்கிழமைத் தகுதிச்சுற்று மட்டும். ஒரே நாள், 18 குழி. பெருங்கூட்டமாக வந்து ஆடுவார்கள். பெரும்பாலும் நான்கு பேருக்குத்தான் இடம். அட்வால் அதில் நுழைந்தார். வியாழக்கிழமை 61 அடி. அடுத்த நாட்களில் 67, 65, 67. மொத்தம் 260, மைதானத்துக்கு வகுத்த அடிக்கணக்கைவிட 20 குறைவு.

கடைசிக் குழியில் அந்தக் கணக்கு முடிவதற்கு ஏழடி தூரம் பாக்கி இருந்தது. ஏழடி என்பது நம் வீட்டுக் கட்டிலின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. வெளியாளுக்கு அது தட்டிவிடும் தூரம். ஆனால் எட்டடியிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறக்குறையப் பாதி தடவைதான் குழியில் போடுகிறார்கள். பந்து அடிபட்டதும் முதலில் சிறிது வழுக்கிச் சென்று, பிறகே உருளத் தொடங்கும். வேகம் குறையக் குறையச் சரிவு அதை அதிகமாக இழுக்கும். குழியை நெருங்கும் கடைசி இரண்டு அடியில்தான் வளைவு அதிகம். மெதுவாகத் தள்ளினால் வளைந்து விலகும், வேகமாகத் தள்ளினால் குழியின் விளிம்பில் எகிறும். அதனால்தான் பந்துக்குப் பின்னால் குந்தி, கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சரிவைப் படிக்கிறார்கள்.

மரக்காணத்தில் அந்தப் பெரியவரும் அப்படித்தான் குந்தினார். மிதித்து முடித்த பாத்தியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கன்னம் தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். விரற்கடை அளவு மேடு இருந்தாலும் ஒரு மூலை காயும், இன்னொரு மூலை தேங்கும். "இங்க ஒரு மிதி போடு" என்று ஒரு பையனைப் பார்த்துச் சொன்னார். எனக்கு எல்லாம் சமமாகத்தான் தெரிந்தது.

அட்வாலின் பந்து குழியில் விழுந்தது. டேவிட் டோம்ஸை ஓர் அடியில் வென்றார். பி.ஜி.ஏ. டூரில் வென்ற முதல் இந்தியர். திங்கட்கிழமைத் தகுதிச்சுற்றில் நுழைந்து கோப்பையை வென்றவர் என்றால் அதற்குமுன் 1986-இல் ஃபிரெட் வாட்ஸ்வொர்த்; நடுவில் 24 ஆண்டுகள் யாருமில்லை. பரிசு 9,18,000 டாலர். போன மாதம் பறிபோன உரிமையும் திரும்பி வந்தது.

இந்தத் தொகையை எழுதும்போது கை தயங்குகிறது. மரக்காணத்தில் மழைக்காலத்தில் வேலை நின்றால், உப்பளத் தொழிலாளிக்குத் தமிழக அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். பி.ஜி.ஏ. டூர் 2022–23 பருவத்திலிருந்து முழு உரிமை உள்ளவர்களுக்கு உறுதி கூறியிருப்பது பருவத்துக்கு 5 லட்சம் டாலர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. ஆண்டின் உருவம் மட்டும்தான் ஒன்று: சேர்த்து வைத்தது எதுவும் நெடுநாள் கூட வராது.

அட்வாலுக்கும் வரவில்லை. இரண்டு பருவம் கழித்து மீண்டும் கோட்டுக்குக் கீழே போனார். ஆசியத் தொடருக்கு வந்து, 2014 டிசம்பரில் துபாய் ஓபனை வென்றார்.

அக்டோபரில் மறுபடி மரக்காணம் போயிருந்தேன். வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களின்மேல் பனையோலை வேய்ந்துகொண்டிருந்தார்கள். முதல் மழை முந்தைய இரவே வந்துவிட்டது. வேயாமல் விட்ட ஒரு குவியலின் ஓரம் கரைந்து, பாத்திக்குள் வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது. டிசம்பரில் இந்தப் பாத்திகள் தண்ணீருக்கடியில் கிடக்கும்போது, ஃபுளோரிடாவில் டூரின் இறுதித் தகுதித் தேர்வு நடக்கும். ஒரு காலத்தில் கார்டு வைத்திருந்தவர்களும் கல்லூரி முடித்த பையன்களும் சேர்ந்தே ஆடுவார்கள். கார்டு ஐந்து பேருக்கு.