வண்டிக்குள் குடை பிடித்த அம்மாள்! பழைய பிக்-அப் வேனை எடைக்குப் போகாமல் காப்பாற்றிய கதவு ரப்பர்

சென்னை,

மழை வந்தால் வண்டிக்குள் ஒதுங்கலாம். வண்டிக்குள்ளேயே மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது?

அயனாவரத்தில் ஒரு பெரியவருக்கு இந்தக் கஷ்டம் வந்தது.

அவரிடம் ஒரு "ஸ்டாண்டர்டு-20" பிக்-அப் வேன் இருக்கிறது. அவருடைய தகப்பனார் வாங்கி, மரக்கடைக்கு லோடு அடித்த வண்டி. வயது 50-ஐத் தாண்டி விட்டது. இப்போது லோடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை துடைத்து, ஒரு ரவுண்டு ஓட்டி, நிறுத்தி வைப்பதோடு சரி.

ஐப்பசி மாதம் ஒருநாள் மாலை. கணவனும் மனைவியும் அந்த வண்டியில் உறவினர் வீட்டுக்குப் போய் விட்டுத் திரும்பினார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. கதவு இடுக்கு வழியாக தண்ணீர் குழாய் திறந்தது போல கொட்டியது. அம்மாள் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் கையில் இருந்த குடையை வண்டிக்குள்ளேயே விரித்து விட்டார்!

"என்னங்க, ஊர்ல எல்லாரும் வண்டிக்கு வெளியே குடை பிடிப்பாங்க. நாம உள்ளே பிடிக்கிறோம். பேசாம இதை எடைக்குப் போட்டுடுங்க" என்றார்.

பெரியவர் பதில் பேசவில்லை.

தரையில் ஓட்டை

மறுநாள் காலை கால்மிதி விரிப்பைத் தூக்கினார். அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. துரு, அப்பளம் போல பெயர்ந்து வந்தது. ஸ்குரூ டிரைவரால் மெல்ல குத்தினார். பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது!

அவருக்கு பகீர் என்றது. காரணம் இருக்கிறது.

முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை பழம்பெரும் வாகனமாக பதிவு செய்ய 2021-ம் ஆண்டு மத்திய அரசு விதி கொண்டு வந்தது. ஆனால் அப்படிப்பட்ட வண்டியின் சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வாடகைக்கும் ஓட்டக் கூடாது. தகப்பனார் பெயர் சொல்லும் வண்டியை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. தரை முழுவதும் அரித்து, பாடியை வெட்டி ஒட்டும் நிலை வந்தால் அந்த ஆசையே கேள்விக்குறிதான்.

சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 3 மாதத்தில் கொட்டி விடுகிறது. ஒரு சீசன் முழுக்க தண்ணீர் தேங்கினால் தகரம் என்ன ஆகும்?

புதுப்பேட்டைக்கு போனார்

எடைக்குப் போடுவது என்றால் சென்னையில் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் இடம் புதுப்பேட்டை. அங்கே போன வண்டி முழுசாக திரும்பி வராது. கதவு ஒரு கடையில், கண்ணாடி ஒரு கடையில் தொங்கும்.

பெரியவரும் புதுப்பேட்டைக்குத்தான் போனார். ஆனால் வண்டியில் அல்ல, பஸ்சில்! கையில் பழைய கதவு ரப்பரின் ஒரு துண்டு.

இந்த வண்டிக்கு கம்பெனி ரப்பர் என்ற பேச்சே கிடையாது. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1980-களின் பிற்பகுதியிலேயே உற்பத்தியை நிறுத்தி விட்டது. மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ரப்பர் பீடிங்கில் பொருத்தமானதை தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல வருடம் நசுங்கிய ரப்பரைக் காட்டி, அதே கனத்தில் வாங்கி விடுகிறார்கள். அது கதவைத் தொடவே தொடாது. அதிகம் நசுங்காத துண்டு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். அதைத்தான் மாதிரிக்கு கொண்டு போக வேண்டும்.

ஸ்பாஞ்சு ரப்பர் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு சின்ன துண்டை தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பார்க்க வேண்டும். தண்ணீரைக் குடித்தால் அந்த ரப்பர் கதவுக்கு உதவாது. மழையை தடுப்பதற்கு பதில் ஈரத்தை தகரத்தோடு கட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாதாரண ரப்பர் வெயிலிலும், காற்றில் உள்ள ஓசோனிலும் நாளடைவில் வெடிக்கும். இந்தக் காலத்து கார்களில் வரும் இ.பி.டி.எம். என்ற ரப்பர் இவற்றை நன்றாக தாங்கும். பெரியவர் அதையே வாங்கினார்.

"கதவைத் தூக்கு சார்!"

ரப்பரோடு டிங்கர் பட்டறைக்குப் போனார். அங்கே இருந்த பாய், ரப்பரை திரும்பிக்கூட பார்க்கவில்லை.

"இன்னா சார், ரப்பர் மாத்துனா தண்ணி நின்னுடுமா? மொதல்ல கதவைத் தூக்கு சார்!" என்றார்.

பெரியவர் கதவைத் திறந்து, பூட்டு இருக்கும் முனையைப் பிடித்து தூக்கினார். கதவு மேலும் கீழும் ஆடியது.

"பாத்தியா? கீல் பின்னு தேஞ்சு போச்சு. கதவு தொங்குது. தொங்குற கதவுக்கு தங்கத்துல ரப்பர் போட்டாலும் தண்ணி வரும்" என்றார் பாய்.

முதலில் பின் மாற்றப்பட்டது. கதவு நிலையில் நேராக உட்கார்ந்தது. பூட்டு மாட்டும் கொக்கியும் சரி செய்யப்பட்டது.

அடுத்து பாய் கதவின் அடிப்பக்கத்தை தடவிப் பார்த்தார். அங்கே சிறு துவாரங்கள் உண்டு. கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைத் தண்ணீர் கதவுக்குள் வழிந்து, இந்த துவாரம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான், "தண்ணீர் வராமல் இருக்க" என்று அதை பட்டி வைத்து அடைத்திருந்தார்! பாய் ஒரு கம்பியால் குத்தினார். பழுப்பு நிறத்தில் தண்ணீர் பீறிட்டது.

"கதவுக்குள்ள கிணறு வெட்டி வச்சிருக்கியே சார்!" என்றார்.

உள்பக்க அட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளையும் காணோம். அதுவும் புதிதாக ஒட்டப்பட்டது.

ஒட்டும் முறை

அதன் பிறகே ரப்பர் வேலை. அதன் விவரம் வருமாறு:-

பழைய ரப்பரை உரிக்கும் முன்பு, அது எங்கே எப்படி ஒட்டியிருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சில வண்டியில் கதவிலேயே இருக்கும். சிலவற்றில் நிலையில் இருக்கும். இடம் மாறக் கூடாது.

உரித்த இடத்தில் பழைய பசை துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது. தின்னர் ஊற்றினால் பெயிண்டும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெய் தொட்டு ஊற வைத்து, மழுங்கிய தகட்டால் சுரண்டலாம். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புது ரப்பர் ஒட்டாது. சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாக காய விட வேண்டும்.

துரு இருந்தால் உப்புத்தாள் போட்டு தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பெயிண்ட் பூச வேண்டும். துருவின் மேல் ஒட்டினால், துரு உதிரும்போது ரப்பரும் கூடவே வந்து விடும்.

பசை இல்லாமல் ஒரு தடவை ரப்பரை வைத்து, கதவை மூடிப் பார்ப்பது கட்டாயம். பிறகு தகரத்திலும் ரப்பரிலும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் வழுக்கும்.

மிக முக்கியம்: ரப்பரை இழுத்து ஒட்டக் கூடாது! இழுத்த ரப்பர் சில நாளில் பழைய நீளத்துக்கு சுருங்கும். மூலையில் இடைவெளி விழும். அங்கேதான் மீண்டும் தண்ணீர் வரும். மூலைகளில் ரப்பரை உள்ளே தள்ளிக் கொடுத்து ஒட்ட வேண்டும். இரண்டு முனையும் சேரும் இடம் கதவின் அடிப்பக்கம் வருவது நல்லது. ஒரு நூல் அளவு கூடுதலாக வெட்டி, நெருக்கி உட்கார வைக்க வேண்டும்.

சாக்பீஸ் சோதனை

ரப்பர் மேல் சாக்பீஸ் தடவினார் பாய். கதவை மூடித் திறந்தார். எதிர்ப்பக்க தகரத்தில் வெள்ளைக் கோடு சுற்றிலும் விழுந்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் விட்டுப் போயிருந்தது. அங்கே நிலையின் தகர ஓரம் வளைந்திருந்தது. மரச்சுத்தியால் பதமாக இரண்டு தட்டு தட்டியதும் கோடு சேர்ந்து கொண்டது.

கதவு மூட கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பெரியவர் ஓங்கி அறையப் போனார்.

"அடிக்காத சார்! புது ரப்பர் அப்டித்தான் இருக்கும். ராத்திரி பூட்டி வையி. நாலு நாள்ல படிஞ்சுடும்" என்று தடுத்தார் பாய்.

தலைவலியும் போகும்

கதவு இடுக்கு வழியாக மழை மட்டும் வருவதில்லை. புகையும் வரும். சைலென்சர் குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்து விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தலைவலி, மயக்கம். மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. ரப்பர் போட்டாகிவிட்டது என்று சைலென்சர் ஓட்டையை விட்டு வைக்கக் கூடாது. அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும்.

ரப்பர் மேல் கிரீஸ், என்ஜின் ஆயில் தடவும் பழக்கமும் தப்பு. ரப்பர் உப்பி, கெட்டுப் போகும். ஈரத்துணியால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை லேசாக தடவினால் போதும்.

தரையில் இருந்த ஓட்டைக்கு கையகல தகட்டில் ஒட்டு போட்டதோடு வேலை முடிந்தது. "இன்னும் ஒரு மழை சீசன் உட்டிருந்தா, தரை பூரா வெட்டி எடுத்திருக்கணும்" என்றார் பாய்.

வீட்டு வாசலில்...

கார்த்திகை மாதம் அடுத்த மழை. பெரியவரும் அம்மாளும் அதே வண்டியில், அதே உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பினார்கள். வெளியே பேய் மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அம்மாள் கதவு ஓரத்தை விரலால் தடவித் தடவி பார்த்துக்கொண்டே வந்தார். எடைக்குப் போடும் பேச்சை எடுக்கவில்லை.

வீடு வந்தது. மழை நிற்கவில்லை.

"குடையை எடு" என்றார் பெரியவர்.

"வண்டியிலதான் தண்ணி வராதேன்னு வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டேங்க!" என்றார் அம்மாள்.

வண்டியில் இருந்து வாசல்படி வரை பத்தே அடிதான். இருவரும் தொப்பலாக நனைந்தார்கள்!